ஆக்சிமோரன் வழக்கு

ஆங்கில இலக்கியம் என்ற பாடத்தின் மேல் எனக்கு இன்றைக்கும் தீராத கோபம் உண்டு. இத்தனைக்கும் நான் அதில் எந்தப் பரீட்சையும் எழுதியதில்லை. எழுதியவள் என் அக்கா. ஆனால் ஆறாம் தரம் படித்துக்கொண்டிருந்த ஒரு பிள்ளையின், அதாவது என், சாயங்காலங்களையெல்லாம் பிடுங்கிக்கொண்டு, அவளுக்கு ஒரு பட்டப்பெயரையும் வாங்கிக் கொடுத்து, கடைசியில் அவளை மாரியம்மன் கோயில் வாசலில் சாட்சிக்கும் நிறுத்திய பாடத்தை எப்படி மன்னிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயம் ஸ்பிரிங்வெளி பக்கம், மலைச்சரிவில் இருந்தது. அக்கா பதுளைக்கு பஸ்ஸில் போய் உயர்தரம் படித்தாள். ஆங்கில இலக்கியத்தை ஒரு பாடமாக எடுத்தவள் எங்கள் தோட்டத்தில் அவள்தான் முதல். அதை எடுக்கும்படி அவளைப் பிடித்துத் தள்ளிய மிஸ், அவள் இரண்டாம் வருடத்துக்கு வந்தபோது மாற்றம் வாங்கிக்கொண்டு தன் வீட்டுக்குப் பக்கமாக வெலிமடைக்குப் போய்விட்டார். அவருக்குப் பதிலாக இன்னொருவர் வருவார் என்றார்கள். பரீட்சை வந்தது, அவர் வரவில்லை.

போகும்போது மிஸ் அக்காவிடம் ஒரு கட்டு போட்டோ கொப்பியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஆங்கில இலக்கியம் படிக்கிறவர்கள் தெரிந்திருக்க வேண்டிய கலைச்சொற்களும் அவற்றின் விளக்கங்களும் அதில் இருந்தன. மெட்டஃபர், சிமிலி, ஐரனி, ஹைபர்போலி, ஆக்சிமோரன் என்று எல்லாம் ஒழுங்காக. இதைக் கரைத்துக் குடித்துவிட்டால் போதும் என்று மிஸ் சொன்னாராம். யாராவது ஏதாவது சொன்னால் அப்படியே செய்துவிடுவது அக்காவின் சுபாவம். கரைத்துக் குடிக்க ஆரம்பித்தாள்.

எங்கள் பக்கத்தில் படிப்பது என்றால் சத்தமாகப் படிப்பதுதான். புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு வாயை மூடியிருந்தால், அது கனவு காண்பது. கொழுந்து எடுத்துவிட்டு வந்து அடுப்படியில் ஈர விறகோடு மல்லுக்கட்டும் அம்மாவுக்கு, மகள் படிக்கிறாள் என்பதற்கு வேறு என்ன அடையாளம் இருக்க முடியும்? சத்தம் கொஞ்சம் நின்றாலும் "என்னடி, சத்தத்தக் காணோம்" என்று உள்ளேயிருந்து குரல் வரும். இதில் ஒரு சின்னச் சிக்கல் என்னவென்றால், லயத்தில் இரண்டு காம்பராக்களுக்கு நடுவில் இருக்கும் சுவர் கூரை வரைக்கும் போகாது. ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் நூறு வயசு என்பார்கள். அக்கா ஒரு காம்பராவில் படித்தாள், லயம் முழுக்க இலக்கியம் படித்தது.

முன்பெல்லாம் இது இன்னும் மோசம். பக்கத்துக் காம்பராவில் ஓர் அத்தை இருந்தார். சொந்தமில்லை, பழக்கத்தில் அத்தை. அவருடைய மகளும் அக்காவும் ஒரே வகுப்பு. இரண்டு பேரும் அவரவர் வீட்டில் இருந்துகொண்டே சுவருக்கு மேலாகச் சேர்ந்து படிப்பார்கள். இந்தப் பக்கமிருந்து அக்கா கேள்வி கேட்பாள், அந்தப் பக்கமிருந்து அவள் பதில் சொல்வாள். பிறகு அவள் கேட்பாள், அக்கா சொல்வாள். பதினோராம் வகுப்பில் வரும் சாதாரண தரப் பரீட்சை வரைக்கும் இப்படியே போனது. அத்தையின் கணவர் இறந்த பிறகு, அந்தப் பெண் கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்குப் போய்விட்டாள். லயத்தில் எல்லாருக்கும் வருத்தம். எனக்கு எரிச்சல். ஏனென்றால், கேள்வி கேட்கும் வேலை அன்றையிலிருந்து என் தலையில் விழுந்தது.

வேலை இதுதான். நான் அந்தக் கட்டைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாக வாசிக்க வேண்டும். அக்கா கண்ணை மூடிக்கொண்டு, தேவாரம் சொல்கிறவள் மாதிரி லேசாக ஆடியபடி விளக்கத்தை ஒப்பிப்பாள். எதைக் கேட்டாலும் பாதிக்கு மேல் "எ ஃபிகர் ஆஃப் ஸ்பீச் இன் விச்" என்றுதான் தொடங்கும். ஒரு சொல் விட்டுப்போனாலும் நான் நிறுத்த வேண்டும். நிறுத்தினால் ஏன் நிறுத்தினாய் என்று கோபிப்பாள், நிறுத்தாவிட்டால் ஏன் நிறுத்தவில்லை என்று கோபிப்பாள். வெளியே பிள்ளைகள் விளையாடும் சத்தம் கேட்கும். நான் உள்ளே ஒனொமடோபியா கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்தச் சொல்தான் எனக்குப் பட்டப்பெயராகவும் ஆனது. பையன்கள் தூரத்தில் என்னைக் கண்டாலே அதை இழுத்துக் கூப்பிடுவார்கள். நீளமான பெயர் என்பதால் நான் வளைவைத் தாண்டும் வரைக்கும் வரும்.

ஆங்கிலம் தெரியாத வாய்க்கு அந்தச் சொற்கள் திட்டுவதற்கு அவ்வளவு வசதியாக இருந்தன. மாபிள் விளையாட்டில் ஏமாற்றினால் "போடா மெட்டஃபர்". பந்தைத் தராவிட்டால் "ஹைபர்போலி, தாடா". இதில் கைதேர்ந்தவன் அத்தையின் கடைக்குட்டி. இன்னும் பாடசாலைக்குப் போக ஆரம்பிக்காத பயல், சுவருக்கு அந்தப் பக்கம் படுத்துக்கொண்டே எல்லாவற்றையும் பிடித்துவைத்திருந்தான். அவனுக்குப் பிடித்தது ஆக்சிமோரன். அதில் ஒரு காரம் இருந்ததாக அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

திங்கட்கிழமை காலையில் அக்காவுக்குப் பரீட்சை. முதல் நாளே ஆங்கில இலக்கியம். அதில் நல்ல பெறுபேறு வந்தால் கல்வியியற் கல்லூரிக்குப் போகலாம், போனால் இங்கிலீஷ் டீச்சர். அப்பா இதை ஃபேக்டரியில் எல்லாரிடமும் சொல்லி முடித்து, இரண்டாம் முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பரீட்சை மண்டபம் பதுளையில். மழைக்காலத்தில் எங்கள் பக்கம் முதல் பஸ் வந்தால் வந்ததுதான். போன வருடம் மேல் டிவிஷன் பெண் ஒருத்தி பஸ்ஸுக்காக நின்றே ஒரு பாடத்தைக் கோட்டைவிட்டிருந்தாள். அதனால் அப்பா பல நாட்களுக்கு முன்பே பேசி வைத்திருந்தார். அத்தையின் மூத்த மகன் ஆட்டோ ஓட்டினான். திங்கட்கிழமை விடியற்காலை அவன் ஆட்டோவில் போவதாக ஏற்பாடு.

சனிக்கிழமை காலையில் அத்தை கடைக்குட்டிக்கு ரொட்டியும் கீரையும் வைத்திருக்கிறார். அவன் தட்டைத் தள்ளிவிட்டு, "போம்மா, ஆக்சிமோரன்" என்றிருக்கிறான். பளாரென்று ஓர் அறை விழுந்தது எங்கள் வீட்டுக்கும் கேட்டது. எவ சொல்லிக் கொடுத்தா என்று அத்தை கேட்டதும் கேட்டது. அவன் சுவரைக் காட்டியிருக்கிறான்.

அத்தை இஸ்தோப்பில், அதாவது வாசல் திண்ணையில், வந்து இடுப்பில் கை வைத்து நின்றார்.

"என்னடி, தெனமும் எங்க ஊட்டப் பாத்துத்தான் வையிறியா? நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். பொழுது சாஞ்சா ஆரம்பிச்சிருற."

அக்கா ஓடி வந்தாள். "ஐயோ அத்தை, அது பாடம். பரீட்சைக்குப் படிக்கிறேன்."

"பாடத்த எவளாவது கண்ண மூடிக்கிட்டு ஆடிக்கிட்டு படிப்பாளா? நான் என்ன குருடியா?"

அதோடு முடிந்திருக்கும். ஆனால் பீலித் தண்ணீரில் துணி அலசிக்கொண்டிருந்த அம்மா ஈரக் கையோடு வந்து சேர்ந்தாள். அம்மாவுக்கு அக்காவின் படிப்பைப் பற்றி யாராவது ஒரு சொல் சொன்னால் ஆகாது. "எம்புள்ள இங்கிலீஷ் படிக்கிறது ஒங்களுக்குப் பொறுக்கலன்னா, பொறுக்கலன்னு சொல்லுங்க மதினி. எதுக்கு இல்லாததச் சொல்றீங்க?"

அத்தை இடுப்பிலிருந்து கையை எடுத்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்.

"ஆமா, பொறுக்கல. நாளக்கழிச்சு ஆட்டோ வராது. ஒங்க இங்கிலீஷையே ஓட்டிக்கிட்டுப் போங்க."

கதவு சாத்தப்பட்டது. அம்மாவுக்கு அப்போதுதான் தான் பேசியது உறைத்தது என்று நினைக்கிறேன். ஆனால் அம்மா அதை ஒத்துக்கொள்ளக்கூடியவள் இல்லை. துணியை உதறி உதறிக் கொடியில் போட்டாள். அக்கா அழுதாள். நான், இனிமேலாவது கேள்வி கேட்கும் வேலை இருக்காது என்று ஒரு பக்கம் நிம்மதியாக இருந்தேன்.

வேலை முடிந்து வந்த அப்பா தலையில் அடித்துக்கொண்டார். "ஆட்டோ வச்சிருக்கிற ஊட்டோட எவளாவது பரீட்சை வர்ற நேரத்துல சண்ட போடுவாளா?" என்று அம்மாவிடம் கேட்டுவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு தோட்டத்துத் தலைவரைப் பார்க்கப் போனார். தலைவர் என்றால் தொழிற்சங்கத் தலைவர். சம்பளப் பிரச்சினை முதல் கோழி பிரச்சினை வரை எல்லாம் அவரிடம்தான் போகும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலில் வைத்துப் பேசிக்கொள்ளலாம், வையவில்லை என்று பிள்ளை சூடம் அணைத்துச் சத்தியம் செய்தால் விஷயம் தீர்ந்தது என்று அவர் சொல்லியனுப்பினார்.

ஞாயிறு காலை பனிமூட்டம். ஆனாலும் கூட்டம் வந்துவிட்டது. வழக்கமாக ஆடு மேய்ந்த வழக்கும் தண்ணீர்க் குழாய் வழக்கும் கேட்டு அலுத்துப் போயிருந்த சனம், இங்கிலீஷ் வழக்கு என்றதும் குளித்து முடித்து, தலை துவட்டக்கூட நேரமில்லாமல் வந்து நின்றது. அம்மா அக்காவுக்குப் பாடசாலை வெள்ளை உடுப்பை மாட்டிவிட்டிருந்தாள். அதைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது என்பது அவள் எண்ணம். சாட்சிக்கு நான் அந்தப் போட்டோ கொப்பிக் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு பையன் மெதுவாக என் பட்டப்பெயரை இழுத்தான்.

பூசாரி தட்டில் சூடத்தை எடுத்து வைத்தார். அக்கா முன்னால் போனாள். அப்போது அத்தை கையை நீட்டித் தடுத்தார்.

"சத்தியம் இருக்கட்டும் தலைவரே. வய்யலன்னா, அதுக்கெல்லாம் என்னா அர்த்தம்னு தமிழ்ல சொல்லட்டும்."

தலைவர் யோசித்தார். நியாயமாகத்தான் பட்டது. "சொல்லும்மா. ஒரு சொல்ல எடுத்துச் சொல்லு. ஐரனி, ஐரனின்னு எங்க ஊட்டுப் புள்ளைகூடச் சொல்லுது. அது என்னா?"

அக்கா கண்ணை மூடினாள். "எ ஃபிகர் ஆஃப் ஸ்பீச் இன் விச்" என்று தொடங்கி ஒரு சொல் பிசகாமல் முடித்தாள். ஒருநாளும் இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை.

"அருமையா இருக்கு. தமிழ்ல சொல்லு."

அக்கா வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. மறுபடியும் கண்ணை மூடினாள். உதடு அசைந்தது, "எ ஃபிகர் ஆஃப்" என்பதாகத்தான் அசைந்தது. அவளுக்கு அதற்கு அர்த்தம் தெரியாது. கட்டு முழுக்க அவளுக்கு மனப்பாடம், அதில் ஒன்றுக்கும் அர்த்தம் தெரியாது. பக்கத்தில் நின்ற எனக்கு இது அந்த நிமிடம் வரை தெரிந்திருக்கவில்லை. அவளுக்கே தெரிந்திருக்கவில்லை போலிருந்தது. நாளைக்குப் பரீட்சை.

ஆனால் கூட்டம் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. வயதுக்கு வந்த பிள்ளை, கோயில் வாசலில், ஆம்பிளைகள் முன்னால் ஒரு சொல்லுக்கு அர்த்தம் சொல்லக் கூசுகிறாள் என்றால் அது எப்பேர்ப்பட்ட சொல்லாக இருக்கும்? பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்னால் நின்ற கிழவர் ஒருவர் "அட கருமமே" என்றார். தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சரி, அது வேணாம். வேற சொல்லு" என்றார். அக்கா வேறு சொல்லுக்கும் விழித்தாள். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. எத்தனை சாயங்காலம் உட்கார்ந்து கேட்டிருப்பேன்.

"அதெல்லாம் கெட்ட வார்த்த இல்லீங்க" என்று நான் கத்தினேன்.

"அப்ப நீ சொல்லு, என்னா அர்த்தம்?" என்றார் அத்தை.

"எ ஃபிகர் ஆஃப் ஸ்பீச் இன் விச்" என்றேன். கூட்டம் சிரித்தது. அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

அக்காவின் கண்ணில் நீர் நின்றது. ஆனால் அது அழுகை மட்டுமில்லை, கோபம். அவள் அத்தையையே பார்த்தபடி நின்றாள். பிறகு திடீரென்று கேட்டாள்.

"அத்தை, நேத்து விடிய அண்ணன் எழும்பலன்னு 'மகாராசா முழிச்சாச்சுங்களா, காப்பி கொண்டாரட்டுங்களா'ன்னு கேட்டீங்கல்ல. நெசமாவே காப்பி குடுக்கவா கேட்டீங்க?"

"காப்பியா? தொடப்பத்தால ரெண்டு குடுக்கக் கேட்டேன்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஆட்டோ அண்ணன் கோயில் மணியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அதான் ஐரனி" என்றாள் அக்கா. சொல்லிவிட்டு அவளே ஒரு நிமிடம் அசந்துபோய் நின்றாள். "வாயி ஒன்னு சொல்லும், மனசு வேற ஒன்னு சொல்லும். அதான்... அதான் ஐரனி."

"அப்ப ஹைபர்போலி?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

அக்கா தலைவர் பக்கம் திரும்பினாள். நான் கட்டைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன். "நீங்க கூட்டத்துல பேசுனீங்கல்ல, 'என் ஒடம்புல கடைசிச் சொட்டு ரத்தம் இருக்கிற வரைக்கும், இந்த லயத்துக் கூரைய மாத்தாம கண்ண மூட மாட்டேன்'னு. அதான் ஹைபர்போலி."

லயத்தில் அந்தக் கூரை இன்னும் அப்படியேதான் ஒழுகிக்கொண்டிருந்தது. தலைவர் நன்றாகத் தூங்கினார் என்பதும் எல்லாருக்கும் தெரியும். இந்த முறை சிரிப்பு அடங்க நேரமானது. தலைவர் தானும் சிரித்து வைத்தார், வேறு வழியில்லை. அக்காவைத் தடுக்க முடியவில்லை. சம்பள நாள் பார்த்து வருகிற மழைக்குக் கண் தெரிகிறது என்றால் அது ஒன்று, அப்பாவுக்கு மூக்கு மேல் கோபம் என்றால் அது இன்னொன்று என்று லயத்தில் ஒவ்வொரு வீட்டிலும் பேசியதை எடுத்து எடுத்து விட்டாள். சுவர் கூரை வரைக்கும் போகாததன் பலன் அன்றைக்குத்தான் எல்லாருக்கும் விளங்கியது. அவள் முகம் மாறிப்போயிருந்தது. கட்டைப் பார்க்கவே இல்லை.

"எல்லாஞ் சரி" என்றார் அத்தை. அவரும் பாதி சிரித்துக்கொண்டுதான் இருந்தார். "எம்மவன் என்னய வஞ்சானே, ஆக்சிமோரன். அதச் சொல்லு."

"அது ஒன்னுக்கொன்னு சேராத ரெண்ட ஒன்னாச் சேத்துச் சொல்றது அத்தை. இப்ப... போன ஞாயித்துக்கெழம நீங்க கொழும்புக்குப் போன்ல பேசுனீங்கல்ல. 'சாப்பிட்டியான்னா ம்ங்கிற, வர்றியான்னா ம்ங்கிற. கொல்லாமக் கொல்றியேடி'ன்னு. அந்தக் கொல்லாமக் கொல்றதுதான்..."

அக்கா அந்த இடத்தில் நிறுத்திவிட்டாள்.

யாரும் சிரிக்கவில்லை. நான் சிரிக்கத் தயாராக இருந்தேன், பக்கத்தில் யாரும் சிரிக்காததால் வாயை மூடிக்கொண்டேன். அத்தை முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்தார். பனியில் முகம் ஈரமாகிவிட்டதாக்கும் என்று நினைத்தேன். பூசாரி தட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்.

"போதும் தலைவரே" என்றார் அத்தை. "வய்யலன்னு தெரிஞ்சிருச்சு. சூடமெல்லாம் வேணாம்."

கடைக்குட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் இறங்கிப் போய்விட்டார். ஆட்டோவைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அப்பா அண்ணனை ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டதற்கு, "அம்மா சொன்னாத்தான் மாமா" என்று தரையைப் பார்த்தான்.

நன்றாகச் சிரித்துக்கொண்டிருந்த மனுஷி ஒரு சொல்லுக்காக இறங்கிப் போனால் என்ன அர்த்தம் என்று எனக்குப் புரியவில்லை. அக்காவிடம் கேட்டேன். "ஒனக்கு ஒன்னும் தெரியாது, போடி" என்றாள். அம்மா பருப்புக்கறி வைத்து, ஒரு கிண்ணத்தில் ஊற்றி, "அத்தைட்ட குடுத்துட்டு வா, ஒன்னும் பேசாத" என்று என்னை அனுப்பினாள். அத்தை வாங்கிக்கொண்டார். கிண்ணத்தைத் திருப்பித் தரவில்லை. எங்கள் லயத்தில் வந்த கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள், எதையாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். போடுவதற்கு ஒன்றும் இல்லாமல் வைத்துக்கொண்டாரா, கோபத்தில் வைத்துக்கொண்டாரா என்று அம்மாவும் அப்பாவும் சாப்பிடும் வரைக்கும் பேசிக்கொண்டிருந்தார்கள். விடியுமுன்னே கிளம்பி மெயின் ரோட்டுக்கு நடப்பது, அங்கே ஏதாவது லொறியை மறிப்பது என்று அப்பா முடிவு செய்தார். அக்கா அன்று சத்தமாகப் படிக்கவில்லை. மூலையில் உட்கார்ந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கேள்வி கேட்கவும் கூப்பிடவில்லை. சத்தம் இல்லாததால் அம்மா அடிக்கடி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

திங்கட்கிழமை விடியற்காலையில் நாங்கள் மூன்று பேரும் உடுத்திக்கொண்டு நின்றோம். மூன்றாவது ஆள் நான். பதுளைக்குக் கூட்டிக்கொண்டு போவதாக அப்பா எனக்கு எப்போதோ வாக்குக் கொடுத்திருந்தார். மெயின் ரோடு வரைக்கும் நடப்பதாக இருந்தாலும் பரவாயில்லை என்று அழுது புரண்டு சம்மதம் வாங்கியிருந்தேன். புதுச் சப்பாத்து போட்டிருந்தேன். அப்பா குடையை எடுக்கவும் கீழே ரோட்டில் ஆட்டோ ஹோர்ன் அடிக்கவும் சரியாக இருந்தது.

ஓடிப் போய்ப் பார்த்தோம். அண்ணன் முன்னால் இருந்தான். பின்னால், தீபாவளிக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு, கடைக்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு அத்தை உட்கார்ந்திருந்தார். கையில் எங்கள் வீட்டுக் கிண்ணம். அதை அம்மாவிடம் நீட்டாமல் அக்காவிடம் கொடுத்தார். தேங்காய் ரொட்டி, சூடாக இருந்தது.

"எனக்கும் பதுளையில ஒரு வேல இருக்கு" என்றார், யாரையும் பார்க்காமல். "அண்ணே, நீங்க வேலைக்குப் போங்க, பெரட்டுக்குப் பேர் கூப்பிடுற நேரமாச்சு. புள்ளைய நான் பாத்துக்கிறேன்."

அம்மா அத்தையின் கையைப் பிடித்து விட்டாள், அவ்வளவுதான்.

நான் ஆட்டோவில் ஒரு காலை வைத்துவிட்டேன். அத்தை என் தோளைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினார். "இவ எதுக்கு? வழியெல்லாம் லொடலொடன்னு பேசி அவளக் கொழப்பிருவா." அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. கடைக்குட்டியைத் தூக்கி என் பக்கத்தில் நிறுத்தி, "இவனப் பாத்துக்க, பாடசாலதான் லீவாச்சே" என்றார். ஆட்டோ போய்விட்டது. நான் புதுச் சப்பாத்தோடு சேற்றில் நின்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற பயல் ஆட்டோ மறையும் வரை பார்த்துவிட்டு, என்னைப் பார்த்து "ஆக்சிமோரன்" என்றான். அன்று பொழுது சாயும் வரை அதைத்தான் சொன்னான்.

வாரம் முழுக்க இருக்கும்போது, பதுளையில் வேலை இருப்பவர் அதே நாளில், அதே ஆட்டோவில், என் இடத்தில் உட்கார்ந்துதான் போக வேண்டுமா என்று நான் நாள் முழுக்கப் பொருமிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் வந்தார்கள். அக்காவின் முகத்தைப் பார்த்ததுமே அம்மா மாரியம்மனைக் கும்பிட்டாள். உதாரணம் தரச் சொல்லிக் கேட்டிருந்தார்களாம். ஐரனிக்கு அக்கா மகாராசாவையும் காப்பியையும் இங்கிலீஷில் எழுதிவிட்டு வந்திருந்தாள். நான் எனக்கு வேண்டியதைக் கேட்டேன்.

"அத்தை என்னா வேலையா வந்தாங்க?"

"தெரியல" என்றாள் அக்கா. "பரீட்ச முடியிற வரைக்கும் கேட்டுக்கு வெளிய மரத்தடியில நின்னாங்க. அண்ணன் கடைக்குப் போகலாமான்னு கேட்டதுக்கும் வரலன்னுட்டாங்க."

"அப்ப வேலைக்குப் போகலயா?"

"போகும்போது வழியெல்லாம் என்னயக் கேள்வி கேட்டுக்கிட்டே வந்தாங்க. மெட்டஃபர சொல்லு, அடுத்து என்னா, சிமிலியா, அதச் சொல்லுன்னு. சுவத்துக்கு அந்தப் பக்கம் கேட்டுக் கேட்டே எல்லாத்தோட பேரையும் வச்சிருக்காங்கடி."

எனக்கு ஏனோ சுருக்கென்றது. அந்த வேலை எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது என்றாலும், அது என் வேலை.

அடுத்த நாளும் ஒரு வினாத்தாள் இருந்தது. பொழுது சாய்ந்ததும் அக்கா கட்டை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனாள். பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாது என்று குரலைத் தாழ்த்தி, வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போது சுவருக்கு மேலாக அத்தையின் குரல் வந்தது.

"என்னடி முணுமுணுக்கிற? சத்தமாப் படி. காதுல விழல."

அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து, சுவர் ஓரமாகப் போய் நின்றாள். முன்பு அத்தையின் மகளோடு படிக்கும்போது நிற்கிற அதே இடம். "கேளுங்க அத்தை" என்றாள். அந்தப் பக்கமிருந்து ஒரு சொல் வந்தது, இந்தப் பக்கமிருந்து விளக்கம் போனது. அடுப்படியில் அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மூக்கை உறிஞ்சினாள்.

சத்தம் தாங்கவில்லை என்று ஊரைக் கூட்டிய மனுஷி மறுநாளே சத்தம் போதவில்லை என்கிறாளே, இவளுக்கு என்ன வேண்டும் என்று நான் அம்மாவிடம் கேட்டேன். அம்மா என்னை வெளியே போய் விளையாடு என்றாள். என் வேலை என்னை விட்டுப் போனது. நான் இஸ்தோப்பைத் தாண்டிக் குதித்து ஓடினேன். அன்றைக்கு அந்த லயத்தில் என்னைவிடச் சந்தோஷமான ஆள் யாரும் இருந்திருக்க முடியாது.

அக்கா இப்போது டீச்சர். வகுப்பில் ஆக்சிமோரன் வரும்போது அவள் வேறு உதாரணம்தான் சொல்கிறாளாம். ஐரனியின் விளக்கம் எனக்கு இன்றும் ஒரு சொல் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கும் இருந்தது. பதுளையில் வேலை இருக்கிறது என்று சொன்ன ஒருத்தியின் முகத்தை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு நின்றபோதும் இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் கொழும்புக்குப் போனதில் எனக்கு என்ன நஷ்டம் என்பது மட்டும்தான் அந்த வயதில் எனக்குத் தெரிந்திருந்தது.